நூறு வெள்ளி வாக்கி-டாக்கியும் ஓர் அம்மாவின் கேள்வியும்

செமினியில் எங்கள் தாமானில் படிவம் நான்கு படிக்கும் ஒரு மாணவன் இருக்கிறான். கடந்த பள்ளி விடுமுறையில் இணைய அங்காடியில் நூறு வெள்ளிக்கும் குறைவாக ஒரு வாக்கி-டாக்கியை வாங்கிவிட்டான். இரண்டு நாள் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தான். "அங்கிள், இதுல யாருமே பேசமாட்டேங்கறாங்க. கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். பின்னாலேயே வந்த அவன் அம்மாவின் கேள்வி வேறு. "அண்ணே, அடுத்த வருஷம் எஸ்பிஎம். இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா?"

பையனின் கேள்விக்குப் பதில் எளிது. அம்மாவின் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன். எனவே "தேவைதான்" என்று சொல்லும் ஆசை எனக்கு இயல்பாகவே உண்டு. அந்த ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பையனிடம் சொன்னது: கருவி கெடவில்லை, ஆனால் பேசும் பொத்தானை இனி அழுத்தாதே. நம் நாட்டில் வானொலி அலைகளை அனுப்புவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி, சான்றிதழும் அழைப்புக்குறியும் பெற்றவர்தான் அமெச்சூர் அலைவரிசைகளில் பேசலாம். கருவிக்கும் சிரிம் சான்று வேண்டும். இணைய அங்காடியில் வண்டி வண்டியாக விற்கிறார்கள் என்பதற்காக அது சட்டப்படி சரியாகிவிடாது. உரிமத் தேர்வு எழுதாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி-டாக்கிகளும் உண்டு. மலையேறும் குழுக்களும் காரில் அணியாகப் போகிறவர்களும் வைத்திருக்கும் 477 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்த வகை. இவன் வாங்கியது அதுவன்று.

யாருமே பேசாததற்குக் காரணம் இயற்பியல். இந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போல நேர்க்கோட்டில்தான் செல்லும். பூமி வளைந்திருப்பதால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு தூரம்தான் எட்டும். ஒரு சிறிய கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலியின் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். கையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் 5 கிலோமீட்டர். நடுவில் வீடுகளும் மரங்களும் இருந்தால் அதுவும் இல்லை. அதே கருவியோடு சுமார் 400 மீட்டர் உயரமுள்ள புரோகா மலையில் நின்றால் 82 கிலோமீட்டர். கோலாலம்பூர் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். மலை உச்சிகளில் அமெச்சூர்கள் ரிப்பீட்டர் எனப்படும் மறு ஒலிபரப்பிகளை வைப்பது இதனால்தான். பையன் தன் அறையில், மூன்று பக்கம் சுவருக்கு நடுவே உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம்.

"இது பயனுள்ள பொழுதுபோக்கா?" என்று கேட்டால் பெரும்பாலான அமெச்சூர்கள் உடனே சொல்லும் பதில் "பேரிடர்". கைப்பேசி செத்துப்போகும்போது நாங்கள்தான் இருப்போம் என்பார்கள். அது வெறும் வீம்புப் பேச்சு அல்ல. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றபோது, கைப்பேசிச் சேவையும் பல இடங்களில் விழுந்தது. மக்கள் மின்கலத்தில் ஓடும் சாதாரண வானொலிப் பெட்டிகளைத் தேடி ஓடினார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கிய மழையை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. செமினி இருக்கும் இதே உலு லங்காட் மாவட்டத்தில் நிலச்சரிவால் சாலைகள் அடைபட்டு, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் அந்த வெள்ளத்தில் உயிரிழந்தனர்.

கைப்பேசி அப்போது ஏன் செயலிழக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. வெள்ளம் ஏறும்போது மின்கசிவால் உயிர் போகாமலிருக்கத் துணை மின்நிலையங்களை மூடிவிடுவார்கள். கோபுரங்களில் இருக்கும் மின்கலம் சில மணி நேரம்தான் தாங்கும். கோபுரம் உயிரோடு இருந்தாலும், அதை மற்ற உலகத்தோடு இணைக்கும் கண்ணாடியிழைக் கம்பி சாலையோடு சேர்ந்து அறுந்திருக்கும். இவை எல்லாம் தாண்டியும் ஒரு கோபுரம் வேலை செய்தால், அந்தப் பகுதியில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதைத்தான் மொய்ப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை என் நண்பன் ஒருவன் ஸ்ரீ மூடாவில் மாடியில் இருந்தான். நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் மாலை வரை இரண்டு டிக் விழுந்தது. இரவில் ஒரே டிக். அதன்பின் மறுநாள் பிற்பகல்வரை ஒரே டிக்தான். என்னிடம் அப்போது உரிமம் இருந்தது, கருவியும் இருந்தது. அதனால் ஒரு காசுக்குப் பயனில்லை, ஏனென்றால் அவனிடம் கருவி இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல மாதங்களாகத் தொடாததால் என் கருவியின் மின்கலம் இறங்கிக் கிடந்தது. பேரிடருக்குத்தான் இது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனின் நிலைமை அது. நண்பன் பத்திரமாக வந்து சேர்ந்தான். படகோடு வந்த தன்னார்வலர்களுக்குத்தான் அந்த நன்றி.

அன்றிலிருந்து "பேரிடருக்கு உதவும்" என்ற ஒற்றை வரியில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. மேலும், இப்போது செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டது. ஸ்டார்லிங்க் நிறுவனம் 2023இல் மலேசியாவில் உரிமம் பெற்றது. வெள்ளப் பகுதிக்கு ஒரு தட்டையும் ஒரு ஜெனரேட்டரையும் கொண்டுபோனால் நூறு பேர் வீட்டுக்கு வீடியோ அழைப்பே செய்யலாம். அவசரத் தொடர்பு மட்டும்தான் நோக்கம் என்றால், ஒரு மாணவன் தேர்வெழுதி உரிமம் எடுத்து ஆண்டெனா கட்டுவதற்கான நியாயம் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்துகொண்டேதான் போகிறது. இதை ஒப்புக்கொள்ளாத அமெச்சூர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு.

ஆனால் அமெச்சூர் வானொலி உண்மையிலேயே உதவிய நிகழ்வுகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

2004 டிசம்பரில் இந்தியாவின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போனார். எந்தப் பேரிடருக்காகவும் அல்ல. அந்தமானில் இருந்து பல ஆண்டுகளாக அமெச்சூர் ஒலிபரப்பே இல்லை. உலகெங்கும் உள்ள அமெச்சூர்கள், எத்தனை நாடுகளோடும் தீவுகளோடும் பேசினோம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். அந்தமான் அவர்களுக்குக் கிடைக்காத கனி. அந்தக் கனியைக் கொடுப்பதற்காகப் போன பயணம் அது. அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் அரிய தலைக்காக அலைவதைப் போன்ற ஒரு விளையாட்டு என்றே சொல்லலாம். டிசம்பர் 26 காலையில் நிலம் குலுங்கியது. கடல் வந்தது. தீவுகளின் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. ஆயிரக்கணக்கான தமிழர்களும் வாழும் அந்தத் தீவுக்கூட்டத்தில் இருந்து நிலப்பகுதிக்குச் செய்தி அனுப்ப, விளையாட்டுக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிகள் இருந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்கு அந்தக் குழு நாள் கணக்கில் தகவல் கடத்தியது. பின்னர் கார் நிக்கோபார் தீவிலும் ஒரு நிலையம் அமைத்தார்கள்.

அதே நாளில் இலங்கையின் தென்கோடியில் உள்ள ஹம்பாந்தோட்டையும் துண்டிக்கப்பட்டது. இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் அங்கிருந்து கொழும்பில் பிரதமர் அலுவலகத்துக்கு வானொலித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியைச் சிதைத்தபோதும் இதே கதை. மவுண்ட் மிட்செல் மலையில் இருந்த அமெச்சூர் ரிப்பீட்டர் ஒன்று விழாமல் நின்றது. மருந்து கேட்டவர்கள், காணாமல் போனவர்களைத் தேடியவர்கள், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாரும் அதில்தான் பேசினார்கள்.

இந்த மூன்று நிகழ்விலும் கருவி யாராலும் அவசரத்துக்கென்று வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டதன்று. சாதாரண நாள்களில் சும்மா பேசி மகிழ்ந்தவர்கள், ஆண்டெனாவை ஏற்றி இறக்கியவர்கள், எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எவ்வளவு தூரம் போகும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் விளையாடியதால்தான் அந்த நாளில் உதவ முடிந்தது. எனவே பேரிடரைக் காட்டி ஒருவரை இந்தப் பொழுதுபோக்குக்கு இழுப்பது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. விளையாட்டு பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படி அதில் என்ன விளையாட்டு இருக்கிறது? ஒரு மாணவனுக்கு என் பார்வையில் மிகப் பெரிய கவர்ச்சி, தானே செய்த பொருளைக் கொண்டு அலைகளை வானில் விட நாட்டின் சட்டம் கொடுக்கும் அனுமதி. உங்கள் கைப்பேசியைத் திறந்து அதன் ஒலிபரப்பியை மாற்ற உங்களுக்கு உரிமையில்லை. அமெச்சூர் உரிமம் உள்ளவருக்குச் சோதனை செய்து பார்ப்பதே அந்த உரிமத்தின் நோக்கம். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் இரண்டு மீட்டர். அதில் கால்பங்கு, கம்பியின் இயல்புக்காகச் சற்றுக் குறைத்து, 49 சென்டிமீட்டர் கம்பியை வெட்டி நிறுத்தினால் அது ஓர் ஆண்டெனா. மூன்று சென்டிமீட்டர் நீளமாக வெட்டிவிட்டால் என்ன ஆகும்? சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் நானோவிஎன்ஏ என்ற சிறு அளவுகருவி அதைத் திரையில் வளைகோடாகக் காட்டும். பாடநூலில் அலைநீளம் என்று படித்தது அப்போது கையில் தட்டுப்படும். எனக்கு அது முப்பது வயதுக்கு மேல்தான் தட்டுப்பட்டது.

மலேசியாவில் இருப்பவர்களுக்கென்றே ஒரு விருந்தும் உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி ஏவுகணை இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டை ஏற்றிச் சென்றது. அதே ஏவுகணையில் லாபான்-ஏ2 என்ற இந்தோனேசியச் செயற்கைக்கோளும் போனது. இந்தோனேசிய அமெச்சூர் சங்கமான ஓராரிக்காக அதில் ஒரு பேச்சு ரிப்பீட்டரைப் பொருத்தியிருந்தார்கள். பெரும்பாலான அமெச்சூர் செயற்கைக்கோள்கள் துருவம் வழியாகச் சுற்றுபவை. நம் தலைக்கு மேல் நாளுக்குச் சில முறைதான் வரும். இதுவோ நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுகிறது. சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில், நாளுக்குப் பதினான்கு முறை வரை நம்மைக் கடக்கும் பாதை அது. ஐரோப்பியனுக்கும் ஜப்பானியனுக்கும் அது தொடுவானத்துக்குக் கீழே. நமக்கோ வீட்டு வாசல். 145.880 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 435.880இல் திருப்பி அனுப்பும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. ரிப்பீட்டரை அட்டவணைப்படி இயக்குவார்கள். அந்த நூறு வெள்ளிக் கருவி இரண்டு அலைவரிசைகளையும் தொடும். தையற்காரர் நாடாவைப் போல் சுருளும் இரும்பு அளவுநாடாவை வெட்டி, பிவிசி குழாயில் பொருத்தி ஒரு யாகி ஆண்டெனா செய்துகொண்டால் போதும். செயற்கைக்கோள் நெருங்கும்போது அதிர்வெண் சற்று மேலே இருக்கும், விலகும்போது கீழே இறங்கும். ஆம்புலன்ஸ் சங்கொலிக்கு ஆகும் அதே டாப்ளர் விளைவு. அதைத் திருகித் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் நாட்டின் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அவருக்கும் ஓர் அமெச்சூர் அழைப்புக்குறி இருந்தது: 9டபிள்யூ2எம்யூஎஸ். அங்கிருந்து இங்குள்ள மாணவர்களோடு வானொலியில் பேசினார். விண்வெளி நிலையம் மணிக்கு ஏறத்தாழ 27,600 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒருமுறை கடந்துபோக அது எடுத்துக்கொள்வது பத்து நிமிடம்தான். அந்த நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பு இறங்கும் அலைவரிசை 145.800 மெகாஹெர்ட்ஸ்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். ஜோசப் டெய்லர், 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சிறுவயதில் அண்ணனோடு சேர்ந்து வீட்டின் மேல்தளம் முழுக்க அமெச்சூர் கருவிகளாக நிரப்பியவர். அவர்கள் கூரையில் கட்டிய சுழலும் ஆண்டெனா ஒருமுறை புகைபோக்கியையே பெயர்த்துவிட்டதாம். (பெற்றோரின் முகம் எப்படி இருந்திருக்கும்!) அவரும் ஸ்டீவன் ஃபிராங்க் என்பவரும் 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற முறை இன்று அமெச்சூர் உலகையே மாற்றிவிட்டது. பதினைந்து நொடிக்கு ஒரு சிறு செய்தி. காதுக்கு எட்டாத அளவு மெலிந்த அலையையும் கணினி படித்துவிடும். வீட்டு விளக்கு எரியும் அளவு மின்சக்தியில் கண்டம் தாண்டலாம். சூரியன் தன் பதினொரு ஆண்டுச் சுழற்சியின் உச்சத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. சூரியன் கொதித்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கு சிற்றலைகளை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே கடந்த சில ஆண்டுகள் இந்தப் பொழுதுபோக்கில் பொற்காலம். இனி மெல்ல இறங்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு கசப்பானவற்றையும் சொல்லாவிட்டால் அந்த அம்மாவை ஏமாற்றியதாகும். கண்டம் தாண்டும் சிற்றலைக் கருவி சில ஆயிரம் வெள்ளி. மாணவர் கையில் அது இருக்காது. 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சாதாரண இருமுனை ஆண்டெனா பத்து மீட்டர் நீளம், 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர். இருபது அடி அகல வரிசை வீட்டில் அதை எங்கே கட்டுவது? அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தோடு ஒரு போராட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விழும் இடிமின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலையில் வானம் கறுத்தால் ஆண்டெனா கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும், மறந்தால் கருவி மட்டுமல்ல, வீடே ஆபத்தில். அக்கம்பக்கத்து எல்இடி விளக்குகளும் மலிவு மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் வேறு. எல்லாவற்றையும் தாண்டி ரிப்பீட்டரில் போய்க் கேட்டால், பல நாள்களில் அங்கே ஓய்வுபெற்ற சிலர் காலை என்ன சாப்பிட்டோம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பதினாறு வயதுக்காரனுக்கு அது அலுப்பூட்டும். ரகசியமும் இங்கே கிடையாது. சங்கேத மொழியில் பேசக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

வேலைக்கு உதவுமா? இந்தப் பொழுதுபோக்கு இருக்கிறது என்பதற்காக யாரும் வேலை தரப்போவதில்லை. ஆனால் 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைமின்கடத்தி வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. கைப்பேசி, வைஃபை, கார் ராடார் எல்லாவற்றிலும் வானொலி அலைவரிசைச் சுற்றுகள் இருக்கின்றன. மின்னியல் மாணவர்கள் பலர் அஞ்சி ஒதுங்கும் பாடமும் அதுதான், கண்ணுக்குத் தெரியாததால். அளவுநாடாவில் ஆண்டெனா செய்தவனுக்கு அந்த அச்சம் இருக்காது. இதற்குமேல் நான் வாக்குறுதி தரமாட்டேன்.

நான் தேர்வெழுதிய அறையில் தமிழர்கள் இரண்டே பேர். மற்றவர் லாரி ஓட்டுநர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், ஆனால் ஓம் விதியை எனக்கே சொல்லிக் கொடுத்தார். தேர்வில் சட்டவிதிகளும் அடிப்படை மின்னியலும் வரும். படிவம் நான்கு, ஐந்து இயற்பியல் படிப்பவருக்குப் பாதிக்கு மேல் தெரிந்த பாடம்தான். நான் விதிகளை அலட்சியம் செய்து முதல் முறை தவறினேன்.

அந்த அம்மாவிடம் கடைசியில் நான் சொன்னது இதுதான்: இப்போது உரிமம் வேண்டாம், எஸ்பிஎம் முடியட்டும். ஆனால் கேட்பதை நிறுத்த வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் வானொலி வாங்கியை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உலவியில் திறந்து ஐரோப்பியச் சிற்றலைகளைக் காசில்லாமல் கேட்கலாம். கணினியில் செருகும் சிறு எஸ்டிஆர் வாங்கி ஒன்று போதும், அது அலைகளை அனுப்பாது, வாங்கும் மட்டுமே. வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த வாக்கி-டாக்கியை என்னிடம் கொடுத்து வைக்கட்டும். அம்மா முழு மனதோடு தலையாட்டவில்லை. "ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம்தான்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை பையனும் நானும் வீட்டுக்கு எதிரே உள்ள திடலில் நின்றோம். மடிக்கணினியில் எஸ்டிஆர், கையில் அவன் செய்த அளவுநாடா ஆண்டெனா. ஒரு கம்பியைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தான், அதைச் சரிசெய்யவே அரைமணி நேரம் போனது. தென்மேற்கில் தொடங்கி ஆண்டெனாவை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தான். ஐந்து நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் இருந்து இந்தோனேசிய மொழியில் ஒரு குரல் தன் அழைப்புக்குறியைச் சொன்னது. அதற்கு இன்னொரு குரல் பதில் சொன்னது. மூன்று நிமிடத்தில் இரண்டும் தேய்ந்து மறைந்தன.

"அடுத்து எப்ப வரும் அங்கிள்?" என்று கேட்டான்.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும் என்றேன். அவன் அம்மா வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.